குழியில் ஊதிய காற்று

சுசித்ரா எக்ஸ்எல் வண்டியை ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த பச்சியப்பனின் மடியில் கம்ப்யூட்டர் இருந்தது. பழைய போர்வையில் சுற்றி, கண்ணாடிப் பக்கம் தன் நெஞ்சைப் பார்த்து வருகிற மாதிரி இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். டிவி போலத் தட்டையாக இருக்கும் ரகம் அது. தனியாகப் பெட்டி கிடையாது, திரையின் முதுகிலேயே எல்லாம் அடங்கியிருக்கும். பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனி பழசென்று கழித்துப் போட்டதை, அங்கே கார் ஓட்டுகிற அவருடைய மச்சினன் வாங்கி வந்து கொடுத்தது.

இண்டூர் போகிற ரோட்டில் பள்ளம் அதிகம். எல்லாம் கல் உடைக்கிற கிரஷருக்குப் போய் வருகிற டிப்பர் லாரிகள் போட்ட பள்ளம். வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் "மெதுவா போ பாப்பா" என்றார். எதிரே லாரி வந்தால் துண்டை எடுத்துத் தன் மூக்கைப் பொத்துவதற்கு முன்னால் போர்வையின் விளிம்பை இழுத்துக் கம்ப்யூட்டரை மூடினார்.

அந்த மிஷின்தான் சுசித்ராவின் வேலை. நாள் முழுக்கப் பேசுவதற்கு ஒருத்தன் சம்பளம் கொடுப்பான் என்று பச்சியப்பனுக்கு ஆரம்பத்தில் நம்பிக்கையே வரவில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி. மிக்ஸி ஓடவில்லை, கிரைண்டரில் கல் சுற்றவில்லை என்று எந்தெந்த ஊரிலிருந்தோ கூப்பிடுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே அவர்களுடைய விவரத்தைத் திரையில் எடுத்துப் பதிய வேண்டும். இரண்டு வருஷமாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது கம்பெனி புது ப்ரோகிராம் ஒன்றைப் போட்டுவிட்டது. அதைத் தாங்க இந்த மிஷினுக்குத் தெம்பில்லை. பேச்சுக்கு நடுவில் திரை அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் ஆள் கத்துவான். இவள் "லைன்ல இருங்க சார், லைன்ல இருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். கல் உடைத்த காலத்தில் பச்சியப்பனும் மேஸ்திரியிடம் வாங்காத பேச்சில்லை. ஆனாலும் மகள் முகம் தெரியாதவனிடம் திட்டு வாங்குவதை அதே அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பது வேறு மாதிரி இருந்தது.

கடைசியில் அவளுடைய டீம் லீடர் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை எல்லோருடைய மிஷினையும் சோதிப்பார்கள். ஐ ஃபைவ் ப்ராசசராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். சுசித்ராவின் மிஷினில் இருந்தது பென்டியம். புதுசு வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. இண்டூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சின்னராஜ்தான், இந்த மாடலில் ப்ராசசரை மட்டும் கழற்றி மாற்றலாம், பழைய ஐ ஃபைவ் ஒன்று கிடைத்தால் போதும் என்று சொன்னான்.

வேலை போனால் ஓசூர்தான். சுசித்ராவோடு படித்த யுவராணி அங்கே ஃபேக்டரியில் இருந்தாள். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுக்கிறார்கள், வந்துவிடு என்று வாரம் ஒருமுறை போன் செய்வாள். அந்த போன் வரும்போதெல்லாம் பச்சியப்பன், "போயேன். எனக்காவ வூட்டுல குந்திகினு கெடக்காத" என்பார்.

"ராத்திரியில மூச்சு புடிச்சிகிட்டா யாரு பாப்பாங்க?"

"பக்கத்து வூட்ல ஆளுங்க இல்லியா? நீ போ."

சுசித்ரா போகவில்லை. மனைவி குள்ளம்மாள் செத்த பிறகு அந்த வீட்டில் இருந்தது அப்பனும் மகளும்தான். பச்சியப்பனுக்கு நுரையீரலில் கல் தூசு. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இது படிந்தது படிந்ததுதான், எடுக்க வழியில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். சில இரவுகளில் மூச்சு உள்ளே போகாது. சுசித்ரா எழுந்து, புகையாக மருந்து வருகிற சின்ன மிஷினை மாட்டி, முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு மிக்ஸிக்காரர்களிடம் பேச உட்காருவாள். ஆனாலும் "போ" என்று சொல்லும்போது பச்சியப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. மகளைப் பிடித்து வைத்துக்கொள்கிற அப்பன் தான் இல்லை என்று.

சின்னராஜின் கடை பஸ் ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, கலைவாணனின் பஞ்சர் கடையை ஒட்டி இருந்தது. சின்னராஜ் பச்சியப்பனுக்கு அக்கா மகன் முறை. செல்போன், சிசிடிவி, டிஷ், எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்ப்பான்.

"வாங்க மாமா. பேரப்புள்ளய தூக்கினு வர மாதிரி வரீங்க" என்று மிஷினை வாங்கி மேஜையில் கவிழ்த்தான். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் செருகி, சுற்றிலும் நெம்பிக்கொண்டே போனான். பின்பக்க மூடி படீரென்று விட்டுக்கொண்டது.

உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி அப்பியிருந்தது. காற்றாடியின் இறக்கைகள் தெரியவில்லை.

"என்னா மாமா இது, கம்ப்யூட்டரா கிரஷரா? அள்ளினா ஒரு நட எம்-சாண்ட் தேறும் போலக்குது."

பச்சியப்பன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சுசித்ரா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சின்னராஜ் அதற்குமேல் கேலி பேசவில்லை. வீட்டு ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றாள்.

அவன் காற்றாடியையும், சூட்டை இழுக்கிற செம்புத் தகட்டையும் கழற்றினான். அடியில் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சின்னக் கம்பி ஒன்றை நெம்பித் தூக்கி, அரை பிஸ்கட் அகலத்துக்கு இருந்த பழைய ப்ராசசரை எடுத்து டப்பாவில் போட்டான். அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு குழி. அதன்மேல் ஒரு காகிதத் துண்டை வைத்தான். புது ப்ராசசர் தர்மபுரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. அங்கே தெரிந்த கடைக்காரர் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டதென்று சின்னராஜ் சுசித்ராவின் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டான்.

"அதுக்குள்ள இந்த தூசிய எடுக்கணும். என்னுது ஊதற மிஷினு காயில் போயிடுச்சி. வந்து பிரஷ்ல தட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். சுசித்ராவுக்கு டீம் லீடரிடமிருந்து போன் வந்தது. கடைக்குள் சரியாகக் கேட்காததால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடிக்குப் போனாள்.

பச்சியப்பன் மிஷினோடு தனியாக இருந்தார். அந்தத் தூசியை அவருக்குத் தெரியும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரி வழுக்கி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெறுநெறுப்பு. பிரஷ்ஷுக்கெல்லாம் இது அசையாது. காற்றுதான் வேண்டும். பஞ்சர் கடையில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குவாரியில் அவர் துளை போடுகிற ஆள். பாறையின் மேல் நின்று ஜாக்கமர் என்கிற துளை மிஷினை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துத் துளை இறக்குவார். ஆழம் வந்ததும் மிஷினை நிறுத்தி, காற்றுக் குழாயை அடிவரைக்கும் விட்டு ஊத வேண்டும். குழிக்குள் இருக்கிற மாவெல்லாம் வெள்ளையாக மூஞ்சியில் வந்து அடிக்கும். மேலாக ஊதினால் அடியில் மாவு தங்கிவிடும். தங்கினால் வெடிமருந்து சரியாக உட்காராது, வெடி பிசகும். பிசகின வெடியில் பச்சியப்பன் செத்த ஆட்களைப் பார்த்திருக்கிறார், பாதி ஆட்களையும் பார்த்திருக்கிறார். அவர் ஊதின குழியில் மட்டும் ஒரு வெடியும் பிசகியதில்லை. அந்தப் பேர்தான் அவர் சம்பாதித்தது. நெஞ்சில் இருக்கிற தூசியும் அதில் சம்பாதித்ததுதான்.

மிஷினை மெல்லத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். கலைவாணன் ஒரு டிராக்டர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குழாயைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே நீட்டினான். பச்சியப்பன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஊதினார். காற்றாடியிலும் தகட்டிலும் இருந்தது புகையாகக் கிளம்பியது. கலைவாணன் திட்டிக்கொண்டே தள்ளிப் போனான். காகிதத் துண்டு எங்கேயோ பறந்தது. சதுரக் குழி தெரிந்தது. அதன் அடியில், பாறையில் மின்னுகிற அப்பிரகம் மாதிரி ஏதோ பொடிப்பொடியாக மின்னியது. அந்த மினுமினுப்பின் மேலும் கொஞ்சம் தூசி படிந்திருந்தது. கழற்றும்போது விழுந்திருக்கும்.

குழாயின் பித்தளை மூக்கை அந்தக் குழியின் அடிவரைக்கும் இறக்கி, மூலைக்கு மூலை சுற்றி, நன்றாக ஊதினார்.

கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது மிஷின் புதுசு போல இருந்தது. சுசித்ரா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்.

சின்னராஜ் பார்சலோடு வந்தான். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, ப்ராசசரின் முதுகில் இருந்த எழுத்தை வெளிச்சத்தில் பார்த்தான். கடைசியில் டீ என்கிற எழுத்து இருக்கிறது, சரியான சரக்குதான் என்றான். டீ போட்டது கம்மி கரண்டில் ஓடும், சாதாரணத்தைப் போட்டால் இவ்வளவு ஒல்லியான உடம்புக்குச் சூடு தாங்காது என்று பச்சியப்பனுக்கு விளக்கினான். தூசி போயிருப்பதைக் கவனித்து, "அட, பளிச்சுனு ஆக்கிட்டீங்களே" என்றான். ப்ராசசரை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்துக் குழிக்கு மேலே கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"மாமா, இத எதுல ஊதினீங்க?"

"காத்துலதான். கலைவாணன் கடையில."

"மூக்க உள்ள வுட்டீங்களா?"

"வுடாம எப்பிடி ஊதறது?"

சின்னராஜ் ப்ராசசரைத் திரும்ப உறையில் வைத்தான். செல்போன் போர்டைப் பார்க்கிற மைக்ராஸ்கோப்பை இழுத்து, குழிக்கு நேராக வைத்து, அதன் திரையைப் பச்சியப்பன் பக்கம் திருப்பினான். அவர் அப்பிரகம் என்று நினைத்தது கம்பிகள். தலைமுடியை விட மெல்லிசாக, வரிசை வரிசையாக, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிற கம்பிகள். ஒரு மூலையில் மட்டும் அந்த வரிசை இல்லை. காட்டுப்பன்றி புகுந்த ராகிக் கொல்லை மாதிரி மடங்கியும் பின்னியும் கிடந்தன.

"இதுமேலதான் ப்ராசசர் உக்காரணும் மாமா. ஒரு கம்பி படலன்னாலும் எந்திரிக்காது. தப்பு என்னுதுதான், சொல்லிட்டு போயிருக்கணும்."

"நிமித்த முடியாதா?"

"பாக்கறன். அநேகமா போச்சி."

சுசித்ரா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சின்னராஜ் அவளுக்கு ஒருமுறை சொன்னான். அவள் திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளியே போய்க் கடை முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்னராஜ் ஷர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கடையின் மின்விசிறியை நிறுத்தி, ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தான். பச்சியப்பன் கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் வந்தது. மேஜை ஆடிவிடும் என்று பயந்து வெளியே வந்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

இரண்டு டிப்பர்கள் போயின. தூசி அடங்கியது.

"வேணும்னே பண்ணியாப்பா?" என்று சுசித்ரா கேட்டாள். குரலில் கோபமில்லை. மிக்ஸிக்காரர்களிடம் எந்த வருஷம் வாங்கினீர்கள் என்று கேட்பாளே, அந்தக் குரல்.

பச்சியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கை ஓங்கிவிடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. பெத்த மகள் கேட்கிற கேள்வியா இது. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. போ போ என்று சொல்லிக்கொண்டே இருந்த ஆள்தானே மிஷினை உடைத்திருக்கிறான். இனி போகாமல் என்ன செய்வாள். வேண்டுமென்றே செய்தேன், உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொன்னால்கூட அவள் நம்பிவிடுவாள். நாலு பேர் கேட்டால் அதில் ஒரு கௌரவம்கூட இருக்கும்.

கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் சாம்பல் நிறம்.

"இல்ல கண்ணு. தெரியாமதான் பண்ணன். குழின்னா அடி வரிக்கும் ஊதணும்னுதான் எனக்கு தெரியும்."

அவள் தலையசைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். அவரால் விட முடியவில்லை.

"இன்னொண்ணு கேளு. போ போன்னு உன்ன சொன்னனே, அதெல்லாம் இந்த மிஷினு இருக்குது, நீ போவ மாட்டன்ற தைரியத்துல சொன்னது. போச்சின்னு அவன் சொன்னான் பாரு, அப்ப எனக்கு உன் வேல நெனப்பு வரல. ராத்திரி நெனப்புதான் வந்துச்சி. மூச்சு நின்னா யாரு எழுப்புவாங்கன்னு."

சுசித்ரா கால் கட்டைவிரலால் தரையில் இருந்த ஜல்லி ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் யுவராணி ஒரு போட்டோ அனுப்பிச்சா" என்றாள். "ஹாஸ்டல் மொட்ட மாடி. ஆறு பொண்ணுங்க துணி காயப் போட்டுகினு நிக்கறாளுங்க. எதுக்கோ சிரிக்கறாளுங்க."

போட்டோவைக் காட்டவில்லை. பச்சியப்பன் கேட்கவும் இல்லை. அந்தச் சிரிப்பை அவள் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெயில் இறங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வந்து நின்று, பஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போன பிறகு சின்னராஜ் கூப்பிட்டான். கண்கள் சிவந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். மடங்கினதை எல்லாம் நிமிர்த்திவிட்டானாம். இரண்டு கம்பி மட்டும் நிமிர்த்தும்போதே முறிந்துவிட்டதாம். புது ப்ராசசரை உட்கார வைத்து, நெம்பித் தூக்கிய கம்பியைத் திரும்ப அழுத்தி மாட்டி, பசை தடவி, தகட்டையும் காற்றாடியையும் பூட்டியிருந்தான்.

ஸ்விட்சைப் போட்டான். காற்றாடி ஓடியது. திரை கறுப்பாகவே இருந்தது. நிறுத்தினான். உள்ளே இருந்த இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டான். கறுப்பு. அதை மாட்டிவிட்டு இன்னொன்றைக் கழற்றினான். திரை வெகு நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு வெள்ளையாக ஒரு எழுத்து வந்தது.

சின்னராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஒரு பக்கம் போச்சி மாமா. அந்தப் பக்கத்துல இனி ரேம் ஏத்துக்காது. இந்தப் பக்கம் ஒண்ணுலதான் ஓடும். ஓடற வரிக்கும் ஓடும்." லேப்டாப்பில் போடுகிற அதே ரேம்தான் இதற்கும் என்பதால், செத்துப்போன லேப்டாப் ஒன்றிலிருந்து பெரிய பட்டையாக ஒன்றைக் கழற்றி அந்த ஒரு பக்கத்தில் மாட்டினான். திரையில் ஐ ஃபைவ் என்று வந்தது. சுசித்ரா விரலை வைத்துப் படித்தாள்.

புறப்படும்போது சின்னராஜ் அவளிடம் சொன்னான். இது முன்னதை விடச் சூடாகும், தூசி மட்டும் ஆகாது, ரோட்டுப் பக்கத்து ஜன்னலை மூடியே வை.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் பச்சியப்பனின் கட்டில் இருந்தது. மூச்சு முட்டும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வைத்துக்கொள்கிற இடம் அது. வருவது லாரித் தூசியோடு கலந்த காற்றுதான் என்றாலும் காற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பழைய பலகை ஒன்றைத் தேடி எடுத்து, ஜன்னலில் வைத்து ஆணி அடித்தார். நாலு அடி அடிப்பதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. சுசித்ரா சுத்தியலை வாங்க வந்தாள். கொடுக்கவில்லை. இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தார். கட்டிலைப் பின்கதவு ஓரத்துக்கு இழுத்துப் போட்டார்.

"அங்க காத்தே வராதேப்பா."

"கதவு இருக்குது இல்ல. போதும்."

திங்கட்கிழமை சோதனை நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவன் மிஷினுக்குள் நுழைந்து எதையெதையோ திறந்து மூடினான். திரையில் அம்புக்குறி தானாக நகர்வதைப் பச்சியப்பன் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பத்துப் பன்னிரண்டு போன்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கச் சொன்னார்கள். திரை ஒருமுறையும் நிற்கவில்லை. சுசித்ரா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"ஓகே பண்ணிட்டாங்கப்பா."

"சரி கண்ணு" என்றார்.

போ என்ற அந்த வார்த்தை பழக்கதோஷத்தில் அவருடைய நாக்கு நுனிவரை வந்தது. முன்னெல்லாம் அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. அது வெறும் வாய்ப்பேச்சு என்று இப்போது அவளுக்கும் தெரியும். மென்று விழுங்கினார். நிஜமாகவே சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். தன் நெஞ்சில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே டிப்பர் ஒன்று போனது. பலகை லேசாக அதிர்ந்தது. தூசி வரவில்லை.

அடுத்த போன் வந்தது. "வணக்கம், நான் சுசித்ரா பேசறேன், உங்களுக்கு என்ன உதவி வேணும் சொல்லுங்க" என்று அவள் வீட்டில் பேசாத தமிழில் ஆரம்பித்தாள். பச்சியப்பனின் தொண்டைக்குள் இருமல் திரண்டு வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துப் பிடித்து, கொல்லைப்பக்கம் இறங்கினார். வேலி ஓரம்வரை போய், அவள் காதுக்குக் கேட்காது என்று நிச்சயமான பிறகுதான் துண்டை எடுத்தார்.